பிரெஞ்சுக் கஃபே யாருடையது? ஓர் உணவுப் பட்டியலின் சொல் வரலாறு

பாரிஸின் குடியிருப்புப் பகுதிகளில் தெருமுனைதோறும் ஒரு சிறு கஃபே இருப்பது வழக்கம். உலோகத் தகடு பொதிந்த ஒரு கவுண்டர், அதன் பின்னே சீறும் எஸ்பிரெசோ இயந்திரம், ஓரத்தில் ஒரு கூடை நிறையக் காலை நேரத்துக் குருவாசான்கள், வெளியே நடைபாதையில் நான்கைந்து வட்ட மேசைகள். கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்து குடித்தால் வேறு விலை. இந்தக் காட்சி இன்று உலகெங்கும் பரவிவிட்டது. டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களில் 'அசல் பிரெஞ்சுக் கஃபே' என்ற அறிவிப்போடு கடைகள் திறக்கப்படுகின்றன. அங்கும் பட்டியலின் முதல் இரண்டு இடங்கள் பெரும்பாலும் எஸ்பிரெசோவுக்கும் குருவாசானுக்கும்தான். (நம் ஊர்ப் பலகைகளில் 'குரோசன்ட்' என்று எழுதப்படுவதும் இதுவே.)

'அசல்' என்ற அந்தச் சொல்லை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு பொருள் எப்போது தோன்றியது என்ற கேள்வியையும், அதன் பெயர் எழுத்தில் முதன்முதலாக எப்போது பதிவாகியது என்ற கேள்வியையும் தனித்தனியே கேட்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் கதைகள் புகுந்துகொள்கின்றன. கஃபேயின் ஒவ்வொரு சொல்லையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால், பலகை ஒரே நாட்டின் பெயரைச் சொல்ல, பட்டியல் பல நாடுகளின் பெயர்களைச் சொல்வது புலப்படும். அப்பெயர்களுள் சில கொண்டாடப்பட்டன, சில மறக்கப்பட்டன, சில மறைக்கப்பட்டன.

1. இடத்தின் பெயர்

பிரெஞ்சில் 'கஃபே' என்பது பானத்துக்கும் பெயர், அதைக் குடிக்கும் இடத்துக்கும் பெயர். நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. இடத்தில் உள்ள பொருளின் பெயர் அந்த இடத்துக்கு ஆகிவருவதைத் தானியாகுபெயர் என்கிறோம். பாலின் பெயர் பால் பாத்திரத்துக்கு ஆவதுபோல, காப்பியின் பெயர் காப்பிக் கடைக்கு ஆயிற்று. சொல்லோ அரபியின் 'கஹ்வா', துருக்கியின் 'கஹ்வே' என்னும் வடிவங்களிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் வழியே தமிழில் நாம் வழங்கும் 'காப்பி'யும் அதே வேரினதுதான்.

சொல்லோடு ஆட்களும் வந்தனர். 1669-இல் உஸ்மானியப் பேரரசின் தூதராகச் சுலைமான் ஆகா பதினான்காம் லூயியின் அவைக்கு வந்தபோது, தம் விருந்தினர்க்குக் காப்பி வழங்கியது பாரிஸின் மேட்டுக்குடியினரிடையே பேச்சாயிற்று. 1672-இல் சான் ஜெர்மான் சந்தையில் பாஸ்கால் என்ற ஆர்மீனியர் காப்பியைப் பொதுமக்களுக்கு விற்றார். பாரிஸ் தெருவில் காப்பி விற்றவர்களுள் பெயர் தெரிந்த முதல் மனிதர் என்று பொதுவாக அவரையே சொல்வர். 1686-இல் சிசிலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ ப்ரோகோப்பியோ தமது கஃபேயைத் திறந்தார். 1689-இல் கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழு எதிர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தபின், நாடகக்காரரும் எழுத்தாளரும் கூடும் இடமாக அது வளர்ந்தது. 'ப்ரோகோப்' என்ற பெயரில் அக்கடை இன்றும் இருக்கிறது.

ஆர்மீனியரின் கடை நிலைக்கவில்லை. சிசிலியரின் கடை நிலைத்தது. சந்தைக் கொட்டகையின் கீழ் விற்கப்பட்ட பானத்தைக் கண்ணாடி, பளிங்கு மேசை, சரவிளக்கு ஆகியவற்றின் நடுவே வைத்தது ப்ரோகோப்பியோ செய்த மாற்றம். மதிப்புடையோர் அமர்ந்து பேசும் அறையாகக் கஃபே மாறியது அங்கேதான். பிற்காலத்தில் 'பிரெஞ்சு அறிவொளிக் காலத்தின் கூடம்' எனப் போற்றப்பட்ட அந்த அறையை அமைத்தவர் ஒரு குடியேறி என்பது வரலாற்றில் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது.

2. கொட்டையின் வழி

அறை கிடைத்துவிட்டது, கோப்பையை நிரப்பக் கொட்டை வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த காப்பி பெரும்பாலும் யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து வந்தது. விலை அதிகம், அளவு குறைவு. 1714-இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சியாளர்கள் பதினான்காம் லூயிக்கு ஒரு காப்பிச் செடியைப் பரிசளித்தனர். அது பாரிஸின் அரச தாவரத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு மோக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகள் இந்தியப் பெருங்கடலின் பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரெயூனியோனில், நடப்பட்டன. 1720-களில் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவுக்கும் செடி சென்றது. அங்கிருந்து காப்பி பிரெஞ்சுக் கரீபியக் குடியேற்றங்களில் பரவியது. அவற்றுள் தலையாயது சான் தொமாங்க், இன்றைய ஹைத்தி.

1780-களின் இறுதியில் உலகக் காப்பி விளைச்சலில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரே குடியேற்றத்திலிருந்து வந்தது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழிவந்தோரும். அவர்களின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தை நெருங்கியது. பாரிஸ் கஃபேக்களில் மனித உரிமை பற்றி உரக்கப் பேசப்பட்ட காலமும், சான் தொமாங்கின் மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் மிக வேகமாக விரிந்த காலமும் ஒன்றே. 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804-இல் ஹைத்தி விடுதலை பெற்றது. உலகின் மிகப் பெரிய காப்பி விளைநிலம் பிரான்சின் கையை விட்டுப் போயிற்று.

அதன் விளைவு பாரிஸின் கோப்பையில் தெரிந்தது. 1806-இல் நெப்போலியன் அறிவித்த கண்டத் தடையால் கடல்வழி வணிகம் முடங்கவே, வறுத்த சிக்கரி வேர் காப்பிக்கு மாற்றாகவும் கலப்பாகவும் பரவியது. நம்மிடையே 'பிரெஞ்சுச் சுவை' என்றும், தென்னிந்தியப் பில்டர் காப்பியின் சிறப்பு என்றும் பேசப்படும் அந்தக் கசப்பின் ஐரோப்பியப் பரவலுக்கு ஒரு போரும் ஒரு தட்டுப்பாடும் பின்னணியாக இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இதே வரலாறு வேறொரு கண்டத்தில் தொடர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றங்களில், முக்கியமாக ஐவரி கோஸ்டில், ரொபஸ்டா வகைக் காப்பி பெருமளவில் பயிரிடப்பட்டது. ஐரோப்பியருக்குரிய தோட்டங்கள் கட்டாய உழைப்பை நம்பியிருந்தன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் கட்டாய உழைப்பை ஒழித்த 1946-ஆம் ஆண்டுச் சட்டம், ஐவரி கோஸ்டின் உறுப்பினரான ஃபெலிக்ஸ் ஹூஃபுவே புவாஞியின் பெயரால் அறியப்படுகிறது. அவரே ஆப்பிரிக்கக் காப்பி, கொக்கோ உழவர்களின் சங்கத் தலைவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாரிஸின் சாதாரணக் கஃபேயில் கிடைத்த காப்பி கடுங்கசப்பாகவும் கெட்டியான நுரையோடும் இருந்ததற்கு, அதில் ரொபஸ்டாவின் பங்கு மிகுதியாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். நாவின் பழக்கம் என்று நாம் கருதுவது இங்கே பேரரசின் வணிகக் கணக்கிலிருந்து பிறந்திருக்கிறது.

3. வளர்பிறையும் ஒரு முற்றுகைக் கதையும்

இனிக் கூடையில் இருக்கும் பலகாரத்தைப் பார்ப்போம். 'குருவாசான்' என்பது 'வளர்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்த எச்சவடிவம்; வளரும் நிலவுக்கு ஆகி, பின்னர் நிலவின் வடிவத்துக்கும் ஆயிற்று. தமிழில் 'வளர்பிறை' என்ற வினைத்தொகையில் உள்ள கருத்தும் இதுவே. பிறை வடிவிலிருந்த ரொட்டிக்கு அப்பெயர் வந்ததில் வியப்பில்லை.

அந்தப் பிறை யாருடையது என்பதற்குப் பலரும் கேட்டிருக்கும் கதை ஒன்று உண்டு. 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, நள்ளிரவில் கண்விழித்து மாவு பிசைந்த ரொட்டிக்காரர்கள் சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு எச்சரித்தனராம். வெற்றிக்குப்பின், துருக்கியரின் கொடியிலிருந்த பிறையைக் கடித்துத் தின்னும் வகையில் இந்த ரொட்டியைச் செய்தனராம். 1770-இல் பிரான்சுக்கு மணமகளாக வந்த மரி அந்த்வானெத் அதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தாராம்.

இக்கதையில் மூன்று சிக்கல்கள் உள்ளன. முதலாவது, ஆஸ்திரியப் பகுதிகளில் 'கிப்ஃபெர்ல்' என்னும் பிறைவடிவ ரொட்டி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. முற்றுகைக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. இரண்டாவது, இதே கதை 1686-இல் நடந்த புடாபெஸ்ட் முற்றுகைக்கும் சொல்லப்படுகிறது. ஒரே நிகழ்ச்சி இரண்டு ஊர்களுக்கு ஏற்றிச் சொல்லப்படுமானால், அது நிகழ்ச்சியாக இருப்பதைவிடக் கதைக்கூறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூன்றாவது, அரசி கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பலகாரம் அவர் காலத்துப் பாரிஸில் அப்பெயரால் அறியப்பட்டதற்குச் சான்றில்லை.

சான்று இருப்பது வேறொருவருக்கு. 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் சாங் என்னும் ஆஸ்திரியர், முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, பாரிஸின் ரிஷெலியு தெரு 92-ஆம் எண்ணில் 'வியன்னா ரொட்டிக்கடை' ஒன்றைத் திறந்தார். வெந்நீராவியைச் செலுத்திச் சுடும் அடுப்பினால் அவருடைய ரொட்டிகளின் மேற்பரப்பு மினுமினுத்தது. கிப்ஃபெர்லும் அங்கே விற்றது. பாரிஸ் ரொட்டிக்காரர்கள் உடனே அவரைப் பின்பற்றத் தொடங்கினர். சாங் 1848-இல் வியன்னாவுக்குத் திரும்பி 'டீ பிரஸ்ஸெ' என்ற நாளிதழைத் தொடங்கி, செய்தித்தாள் அதிபராகப் புகழ்பெற்றார். பாரிஸில் அவர் விட்டுச்சென்றது ஒரு பண்டத்தையும் ஒரு வகைப் பெயரையும். குருவாசான் முதலான இனிப்பு ரொட்டி வகைகளைப் பிரெஞ்சில் இன்றும் 'வியெனுவாசெரி', அதாவது 'வியன்னாவுக்குரியவை' என்றே அழைக்கின்றனர். 'குருவாசான்' இந்தப் பொருளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுத்தில் தென்படத் தொடங்கி, 1863-இல் வெளிவரத் தொடங்கிய லித்ரேயின் பேரகராதியிலும் இடம்பெற்றது.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது என்ன? பெரிய காரியம் ஒன்றைச் செய்தனர். கிப்ஃபெர்ல் ரொட்டியை ஒத்தது; அதில் அடுக்குகள் இல்லை. மாவுக்கும் வெண்ணெய்க்கும் இடையே மடிப்புமேல் மடிப்பு இட்டுத் தேய்க்கும் அடுக்குமாவு நுட்பம், லா வாரென் 1651-இல் வெளியிட்ட சமையல் நூலின் காலத்திலேயே பிரான்சில் இருந்தது. நம் ஊர் பேக்கரி 'பப்ஸ்' இந்த அடுக்குமாவின் உறவினர்தான். ஆனால் அதில் ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவை அடுக்குமாவாக்கிப் பிறைவடிவில் சுருட்டியதே இன்றைய குருவாசான்; அதற்கான செய்முறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சில் வருகின்றன. வடிவம் வியன்னாவினது, பெயர் அந்த வடிவத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, உள்ளமைப்பு பாரிஸினது.

இன்னொரு சிறு செய்தியும் உண்டு. பிரெஞ்சு ரொட்டிக்கடைகளின் பொது வழக்கப்படி, வெண்ணெயில் செய்த குருவாசான் நேராக இருக்கும். மார்கரீனில் செய்தது வளைந்திருக்கும். உயர்ந்தது எதுவோ அது பிறையாக இல்லை. பெயர் மட்டும் பிறையாகவே நிற்கிறது. மலிவானதாகக் கருதப்படும் மார்கரீனோ, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1869-இல் இப்போலித் மேஜ் மூரியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தது. கூடையில் முழுக்கப் பிரெஞ்சுக் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க ஒன்றைத்தான் பிரெஞ்சுச் சுவைஞர்கள் தள்ளிவைக்கின்றனர்.

முற்றுகைக் கதையைத் தவறு என்று காட்டுவது வெறும் துல்லிய ஆசை என்று தோன்றலாம். அப்படியன்று. ஒரு காலைப் பலகாரத்தை ஒரு சமயத்தார் மீது மற்றொரு சமயத்தார் கொண்ட வெற்றியின் சின்னமாக அக்கதை மாற்றுகிறது. சிரியாவின் அலெப்போவில் கிளர்ச்சியாளர் வசமிருந்த பகுதியில், இதே காரணத்தைச் சொல்லிக் குருவாசானுக்குத் தடை அறிவிக்கப்பட்டதாக 2013-இல் ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. ஒரு தரப்பு பெருமையோடு சொன்ன கதையை மறுதரப்பு புண்பட்டு நம்பியது. இரு தரப்புக்கும் சான்று தேவைப்படவில்லை.

4. அழுத்திப் பிழிந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸில் பரவியது இரண்டு அடுக்குள்ள வடிகட்டும் காப்பிப் பாத்திரம். மேலடுக்கில் தூளும் வெந்நீரும், கீழடுக்கில் வடிந்த காப்பி. தென்னிந்தியர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீரின் அழுத்தத்தால் காப்பி இறக்கும் முயற்சியிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஈடுபட்டனர். 1855-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் லுவாசெல் என்பவரின் பெரிய காப்பி இயந்திரம் வைக்கப்பட்டது. ஆனால் அது கூட்டத்துக்காக மொத்தமாகக் காப்பி இறக்கியது.

தனி ஒருவருக்கு, அவர் கேட்ட அந்த நேரத்தில், ஒரு கோப்பை என்ற எண்ணம் இத்தாலியில் வடிவம் பெற்றது. 1884-இல் துரினில் ஆஞ்செலோ மோரியொந்தோ நீராவி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலானின் லூயிஜி பெட்சேரா தனிக்கோப்பை இறக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய தெசிதேரியோ பவோனி உற்பத்தியைத் தொடங்க, 1906 மிலான் கண்காட்சியில் இயந்திரம் மக்கள் பார்வைக்கு வந்தது. இவை நீராவியின் அழுத்தத்தை நம்பியவை. அதனால் காப்பி சற்றே கருகிய சுவை கொண்டிருந்தது. 1938-இல் காப்புரிமை கோரி, போருக்குப்பின் நெம்புகோல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த அக்கில்லே காஜ்ஜா நிலைமையை மாற்றினார். நீராவியை விட்டுவிட்டு, சுருள்வில்லின் விசையால் வெந்நீரைத் தூளினூடே செலுத்தியபோது, மேலே பொன்னிற நுரை படிந்தது. 1961-இல் பயேமா நிறுவனத்தின் இ-61 இயந்திரம் கையின் வேலையை மின்விசைக் குழாய்க்கு மாற்றியது. இன்று எஸ்பிரெசோவுக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் ஒன்பது வளிமண்டல அழுத்தமும் நுரையும் இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானவை.

'எஸ்பிரெசோ' என்ற சொல்லில் மூன்று பொருள்கள் கலந்திருக்கின்றன: அழுத்திப் பிழிந்தது, விரைவானது, ஒருவர் கேட்டதற்கென்றே செய்தது. பிரெஞ்சு அதை 'எக்ஸ்பிரெஸ்' என்று தன் உச்சரிப்புக்குள் எடுத்துக்கொண்டது. காலப்போக்கில் அடைமொழியும் தேவையற்றுப் போயிற்று. இன்று பாரிஸில் 'ஒரு கஃபே' என்று மட்டும் கேட்டால் வருவது எஸ்பிரெசோதான். இரவல் பொருள் இல்லத்தின் பொதுப்பெயரை எடுத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கடன்வாங்கல் முழுமை பெறும்போது, கடன் வாங்கிய நினைவே மறைந்துவிடுகிறது.

5. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்கள்

பொருள்களின் கதை இது. கடையைத் திறந்து, தரையைக் கழுவி, விடியற்காலையில் முதல் கோப்பையை இறக்கியவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் நடுமலைப் பகுதியான ஓவெர்ஞ், அவெரோன் வட்டாரங்களிலிருந்து வறுமையால் பாரிஸுக்கு வந்தவர்கள் முதலில் தண்ணீர் சுமந்தனர். பிறகு விறகும் கரியும் விற்றனர். கரிக்கடையின் ஒரு மூலையில் மதுவும் காப்பியும் விற்கத் தொடங்கினர். அவர்களை நகரத்தார் 'பூஞா' என்றனர். கரி விற்பவர் என்பதும் ஓவெர்ஞ்காரர் என்பதும் சேர்ந்து சிதைந்த சொல் அது. அவர்களின் உச்சரிப்பைக் கேலி செய்யப் பிறந்தது. 1880 ஜூலை 17-ஆம் நாள் சட்டம் இவர்களுக்கு வழிதிறந்தது. 1851-ஆம் ஆண்டின் ஆணைப்படி மதுவும் காப்பியும் விற்கும் கடை திறக்க அரசு அதிகாரியின் முன் அனுமதி தேவைப்பட்டது. மக்கள் கூடிப் பேசும் இடங்களை அஞ்சிய ஆட்சியின் ஏற்பாடு அது. குடியரசு அந்த அனுமதி முறையை நீக்கியது. 1882-இலேயே 'பாரிஸின் ஓவெர்ஞ்காரன்' என்ற பொருளுடைய தனிச் செய்தித்தாள் நடத்தும் அளவுக்கு இச்சமூகம் வளர்ந்திருந்தது. எழுத்தாளர்களின் கஃபே எனப் புகழ்பெற்ற ஃப்ளோரை 1939-இல் வாங்கிய போல் பூபாலும், லிப் உணவகத்தை 1920-இல் வாங்கிய மர்செலான் காஸும் இம்மலைப் பகுதியிலிருந்து வந்தவர்களே.

இருபதாம் நூற்றாண்டில் அல்ஜீரியாவின் கபீலியப் பகுதியினர் இத்தொழிலுக்கு வந்தனர். அவர்களின் கஃபேக்கள் தொழிலாளருக்கு உறைவிடமாகவும், கடிதம் வாங்கும் முகவரியாகவும், விடுதலை அரசியல் பேசும் இடமாகவும் இருந்தன. அண்மைப் பத்தாண்டுகளில் புகையிலைக் கடையும் சேர்ந்த பல கஃபேக்களைச் சீன வழியினர் நடத்துகின்றனர்.

அந்தக் கவுண்டருக்கு 'ஸாங்' என்று பெயர். துத்தநாகம் என்பது பொருள். பின்னர் அச்சொல் கஃபேக்கே பெயராயிற்று. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆவதால் இது சினையாகுபெயர். வேடிக்கை என்னவென்றால், பழைய கவுண்டர்கள் பலவற்றின் மேற்பரப்பு உண்மையில் வெள்ளீயக் கலவை.

சிறு கஃபேக்கும் உணவகத்துக்கும் வழங்கும் 'பிஸ்த்ரோ' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1814-இல் பாரிஸைக் கைப்பற்றிய ரஷ்யப் படைவீரர்கள் 'சீக்கிரம்' என்னும் பொருளில் 'பீஸ்த்ரா' என்று கத்தியதிலிருந்து பிறந்ததாம். மோன்மார்த்ரின் தெர்த்ர் சதுக்கத்தில் இதை அறிவிக்கும் பலகையே இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு எழுத்தில் இச்சொல் முதன்முதலாகக் காணப்படுவது 1880-களில்தான். அன்றாடம் மக்கள் வாயில் வழங்கிய ஒரு சொல் எழுபது ஆண்டுகள் எந்த எழுத்திலும் படாமல் இருந்தது என்று நம்புவது கடினம். நாட்டுப்புற வட்டாரச் சொற்களிலிருந்து வந்திருக்கலாம் என்பதே சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. கவனிக்க வேண்டியது கதைகளின் தேர்வு. வியன்னா முற்றுகை, அரசியின் திருமணம், ஜாரின் படை ஆகியவற்றைச் சொற்பிறப்புக் கதைகள் விரும்புகின்றன. கரி விற்றவரையும் காப்பி பறித்தவரையும் அவை விரும்புவதில்லை.

6. எது பிரெஞ்சு?

இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, 'பிரெஞ்சுக் கஃபே என்று ஒன்றே இல்லை' என்று முடித்தால் அது மற்றொரு பிழை. பாகங்கள் வெளியிலிருந்து வந்தன என்பதால் அமைப்பும் வெளியிலிருந்து வந்ததாகாது. எல்லாத் தொழிலினரும் வந்து நிற்கும் கவுண்டர், இடத்துக்கேற்ற விலை, நாளெல்லாம் ஒரே கோப்பையோடு அமர்ந்திருக்கும் உரிமை, அந்த இடத்தைக் காத்தும் கட்டுப்படுத்தியும் வந்த சட்டங்கள் ஆகியவை ஒன்றுகூடியது பிரான்சில்தான். பிரான்சில் 1960 வாக்கில் ஏறத்தாழ 2,00,000 கஃபேக்கள் இருந்ததாகவும், இப்போது 40,000-க்கும் குறைவு என்றும் பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. குருவாசான் உலகெங்கும் பெருகிய அதே காலத்தில் அதைத் தின்ற இடம் சொந்த நாட்டிலேயே சுருங்கியிருக்கிறது.

சட்டம் எதைப் பாதுகாக்கிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் இரவு பத்து மணி முதல் அதிகாலை நான்கு மணி வரை ரொட்டித் தொழிலாளரை வேலை வாங்குவதைத் தடை செய்தது. அது உழைப்பவரைப் பற்றிய சட்டம். 1998 மே 25-ஆம் நாள் சட்டப்படி, மாவு பிசைந்து, வடிவமைத்து, அதே இடத்தில் சுடும் கடை மட்டுமே 'பூலான்ஜ்ரி' என்று பெயரிட்டுக்கொள்ளலாம். அது பெயரைப் பற்றிய சட்டம். அந்தப் பாதுகாப்பு ரொட்டிக்கு மட்டுமே உண்டு, குருவாசானுக்கு இல்லை. ஆலையில் செய்து உறையவைத்த குருவாசானை வாங்கிச் சுட்டு விற்கும் கடைகள் பிரான்சிலேயே ஏராளம். 2022-இல் பகெத் ரொட்டியின் செய்திறனும் பண்பாடும் யுனெஸ்கோவின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. செய்திறன் என்பது கைகளில் இருப்பது, கைகள் இடம்பெயரும்.

இந்த இடத்தில்தான் தமிழ் இயல்பாகவே வரலாற்றினுள் வருகிறது. பாரிஸ் மாநகரம் ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்கு நடத்தும் போட்டியில் வெல்பவர், ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி வழங்குவார். துனிசிய, செனகல் வழியினர் இப்பரிசைப் பலமுறை பெற்றிருக்கின்றனர். 2023-இல் பெற்றவர் இருபதாம் வட்டாரத்தில் ரொட்டிக்கடை நடத்தும் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து 2006-இல் பிரான்சுக்கு வந்த தமிழர். நம் ஊடகங்கள் அதைத் 'தமிழனின் சாதனை' என்று கொண்டாடின. பிரெஞ்சு ஊடகங்கள் சிலவற்றில் அது வியப்புச் செய்தியாயிற்று. கஃபேயின் வரலாற்றை அறிந்தவருக்கு இரண்டுமே தேவையில்லை. ஆர்மீனியர், சிசிலியர், ஆஸ்திரியர், ஓவெர்ஞ்காரர், கபீலியர் என்று தொடரும் வரிசையில் அவர் மிக இயல்பாக நிற்கிறார். அவர் விதிவிலக்கு என்று தோன்றுவதற்குக் காரணம், முன்னால் நின்றவர்களின் பெயர்கள் அழிந்துபோனதே.

உணவு வரலாறு ஆராயும் மாணவ நண்பர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு. 'மரபான', 'அசலான', 'தொன்மையான' என்ற அடைகள் வரும் இடங்களில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பெயர் எழுத்தில் முதலில் எப்போது வந்தது? இந்தப் பொருள் இந்த வடிவில் எப்போதிலிருந்து இருக்கிறது? இதைச் செய்தவர்களின் கூலி யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? முதல் இரண்டுக்கும் அகராதிகளிலும் பழைய சமையல் நூல்களிலும் விடை கிடைக்கும். மூன்றாவதற்குத் துறைமுகப் பதிவுகளையும் தோட்டக் கணக்குகளையும் தொழிலாளர் சட்டங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். நம் பில்டர் காப்பிக்கும், பரோட்டாவுக்கும், பிரியாணிக்கும் இதே கேள்விகளைக் கேட்க முடியும், கேட்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும் ஆய்வு கட்டுக்கதையைத் திருத்தும். மூன்றாவதையும் கேட்டால்தான் சான் தொமாங்கின் மலைச்சரிவும் அதே கஃபேயின் வரலாற்றுக்குள் இடம்பெறும்.